மிச்சத்தின் மிச்சம் யாருக்கு?

‘அணுக்கழிவு கழிவே அல்ல, அது நாளைய எரிபொருள்.’ இந்த ஒரு வரி இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. அமைச்சர்கள் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற விஞ்ஞானிகள் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்லூரி அறிவியல் மன்றங்களுக்கு வருகிற சிறப்புப் பேச்சாளர்களும் சொல்கிறார்கள். நான் சிதம்பரத்தில் படித்து, கடலூரில் பெண்களுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறவள். என் மாணவிகள் அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து, “மேம், அப்ப கழிவுப் பிரச்சினை முடிஞ்சுபோச்சு இல்ல?” என்று கேட்கிறார்கள். முடியவில்லை என்பதே என் பதில். ஏன் முடியவில்லை, முடிந்துவிட்டதாகச் சொன்னால் யாருக்கு வசதி, அந்த வசதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வரியில் உள்ள உண்மையைக் கொடுத்துவிடுவோம். நம் நாட்டின் கனநீர் உலைகளில் இயற்கை யுரேனியம் எரிகிறது. எரிந்து வெளியே வரும் எரிகோலில் நூற்றில் 99 பங்குக்கு அருகில் யுரேனியமே இருக்கும். அரைப் பங்குக்கும் குறைவாகப் புளூட்டோனியம் புதிதாக உண்டாகியிருக்கும். அந்தப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து இன்னொரு வகை உலையில் எரிக்கலாம். அப்படி எரிக்கும்போது சுற்றி வைத்திருக்கும் யுரேனியம் மேலும் புளூட்டோனியமாக மாறும். எரித்ததைவிடக் கூடுதலாக எரிபொருள் கிடைக்கும் என்பதால் அதற்கு ஈனுலை என்று பெயர். 1950களில் ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இது. மூன்றாம் கட்டம் நம் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தை எரிப்பது. இதில் இயற்பியல் பிழை எதுவும் இல்லை.

பிழை, சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. எரிந்த கோலில் ஆளைக் கொல்வது அந்த 99 பங்கு யுரேனியம் அல்ல. ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் பிளவுத் துண்டுகள்தான், சீசியமும் ஸ்ட்ரான்சியமும் அவற்றின் கூட்டாளிகளும்தான், முதல் சில நூற்றாண்டுகளுக்கு அந்தக் கோலைக் கிட்ட நெருங்க முடியாததாக வைத்திருக்கின்றன. அவற்றை எந்த ஈனுலையும் எரிபொருளாகப் பயன்படுத்த முடியாது. ஓர் அணு பிளந்தால் இரண்டு துண்டு விழும் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஈனுலையிலும் அணுதான் பிளக்கிறது. அங்கும் துண்டுதான் விழும். கழிவைத் தின்னும் உலை என்று சொல்லப்படுவதும் கழிவு போடும் உலைதான்.

வீட்டில் மிச்சத்தைச் சோறாக்குகிறவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நேற்றைய குழம்பைச் சுண்டவைத்து இன்றைக்கு ஆக்கும்போது அடுப்பு இன்னொருமுறை எரிய வேண்டும், பாத்திரம் இன்னொருமுறை கழுவ வேண்டும், அதிலும் அடிப்பிடித்தது மிஞ்சும். அந்தக் கூடுதல் வேலையைக் கணக்கில் எழுதாதவர்கள்தான் ‘மிச்சம் வீணாகவில்லை’ என்று பெருமைப்படுவார்கள். எரிந்த கோலிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்க அதை நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். அதுவரை திடமாக, உறைக்குள் இருந்த நஞ்சு அப்போது திரவமாகிறது. அந்தத் திரவத்தைத் தொட்டியில் வைத்துக் காக்க வேண்டும், கண்ணாடியோடு உருக்கி உறையவைக்க வேண்டும், பிறகு புதைக்க வேண்டும். குழாய், கையுறை, துணி, வடிகட்டி என்று பட்டதெல்லாம் புதிய கழிவாகும். மிச்சத்தின் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டால் மேடையில் பதில் வராது.

2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதானது. அதிகக் கதிர்வீச்சுள்ள கழிவு, குறைந்த கதிர்வீச்சுக் கழிவுக்கான தொட்டிக்குள் கசிந்தது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப்போன ஆறு தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கை தரும் கருவி இருக்கவில்லை. வெளியுலகுக்கு விஷயம் தெரியப் பல மாதங்கள் ஆயின. ‘கழிவே எரிபொருள்’ என்ற வாக்கியம் நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். யாரோ ஒருவர் கையில் குப்பியோடு தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

கழிவின் ஆயுளை 300 ஆண்டாகக் குறைத்துவிடலாம் என்பது இப்போது வரும் அடுத்த வாக்குறுதி. அதற்குப் பல பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் பிரித்து, மீண்டும் மீண்டும் எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வணிக அளவில் எந்த நாடும் இதைச் செய்து முடித்ததில்லை. சரி, 300 ஆண்டு என்றே வைத்துக்கொள்வோம். 300 ஆண்டுக்கு முன் கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி செயின்ட் டேவிட் கோட்டையில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் அன்றைக்கு எழுதிவைத்த எந்த ஏற்பாட்டை நாம் இன்று காப்பாற்றிவருகிறோம்? புளூட்டோனியம் 239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு ஆகும். சிதம்பரம் கோயில் கோபுரங்களுக்கு இன்னும் ஆயிரம் வயது நிறையவில்லை.

அடுத்தது, ‘நாளைய’ என்ற சொல். நாளை என்பதை நம்பி வாழப் பழக்கப்பட்டவர்கள் பெண்கள். குழந்தைகள் வளரட்டும், கடன் அடையட்டும், பிறகு உன் படிப்பைப் பார்க்கலாம் என்ற நாளை நமக்குத் தெரியும். அணுசக்தித் துறையின் நாளையும் அதே மாதிரிதான். 2000ஆம் ஆண்டுக்குள் 10,000 மெகாவாட் என்று 1980களில் திட்டம் போட்டார்கள். 2000 வந்தபோது கைவசம் இருந்தது 3,000 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. இன்று 2047க்குள் 1,00,000 மெகாவாட் என்கிறார்கள். அறுபது, எழுபது ஆண்டு உழைப்புக்குப் பிறகும் நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு நூற்றுக்கு மூன்று என்ற அளவில்தான் நிற்கிறது.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து வடக்கே நூறு கிலோமீட்டர் சொச்சம் தொலைவில், நம் கரையிலேயே இருக்கிறது. 2004இல் கட்டுமானம் தொடங்கியது. 2010இல் முடிந்துவிடும், செலவு ரூ.3,492 கோடி என்றார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் நம் மக்களை அள்ளிக்கொண்டுபோன அதே அலை, ஈனுலைக்காகத் தோண்டிய பள்ளத்திலும் புகுந்தது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு தேதி தள்ளிப்போனது. செலவு இரண்டு மடங்கைத் தாண்டியது. 2024 மார்ச் 4 அன்று பிரதமர் முன்னிலையில் உலை மையத்தை நிரப்பும் வேலையைத் தொடங்கிவைத்தார்கள். 2010இல் வரவேண்டிய மின்சாரம் 2025 முடிந்தபோதும் ஒரு யூனிட்கூட வரவில்லை. 2004இல் பிறந்த பெண்குழந்தைகள் என் வகுப்பில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தாமதம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஈனுலையைக் குளிர்விப்பது திரவச் சோடியம். பள்ளி ஆய்வகத்தில் சோடியத்தை ஏன் மண்ணெண்ணெயில் மூழ்கடித்து வைக்கிறோம் என்று எந்த மாணவியும் சொல்வாள். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அந்தச் சோடியம் ஆயிரம் டன்னுக்கு மேல் ஓர் உலையில் ஓட வேண்டும். ஜப்பானின் மோஞ்சு ஈனுலை 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. நடத்தியவர்கள் காணொளிப் பதிவை மறைத்தது பிறகு அம்பலமானது. இருபது ஆண்டுக்கு மேல் இழுத்து, சில நூறு நாள்கூட முழுதாக ஓடாமல், 2016இல் அதை மூடிவிட முடிவெடுத்தார்கள். பிரான்ஸின் சூப்பர்ஃபீனிக்ஸ் 1990களின் கடைசியில் மூடப்பட்டது. ஜெர்மனி கால்கர் என்ற ஊரில் ஒன்றைக் கட்டிமுடித்து ஒருநாள்கூட ஓட்டவில்லை. இன்று அங்கே ராட்டினம் சுற்றுகிறது, அது கேளிக்கைப் பூங்கா. ரஷ்யா இரண்டை ஓட்டிக்கொண்டிருக்கிறது. எழுபது ஆண்டு ஆராய்ச்சிக்கும் பல நாடுகளின் பெரும்பணத்துக்கும் உலகம் கண்ட பலன் அவ்வளவுதான்.

கடலூர் மாவட்டத்துப் பெண்ணுக்கு வாக்குறுதி புதிதல்ல. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் நாட்டுக்கே வெளிச்சம் தரும் என்றார்கள். தந்தது, மறுக்கவில்லை. நிலம் ஆணின் பெயரில் இருந்ததால் இழப்பீடு ஆணிடம் போனது, கிடைத்த இடங்களில் வேலையும் ஆணுக்குப் போனது. நாற்று நட்டவளுக்கும் களை எடுத்தவளுக்கும் எந்தப் பதிவேட்டிலும் வரி இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் பயிர் மேலேயே இயந்திரத்தை இறக்கினார்களே, அந்த வயலில் அன்றாடக் கூலிக்குப் போன பெண்களுக்கு என்ன இழப்பீடு என்று யாரும் கேட்கக்கூட இல்லை. 2020இல் மே மாதமும் ஜூலை மாதமும் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். மின்சாரம் ஊர் ஊராகப் போனது. சாம்பலும் சாவும் இங்கேயே தங்கின.

சிப்காட்டிலும் இதே கதை. உப்பனாற்றங்கரையில் ஆலைகள் வந்த காலத்தில் வளர்ச்சி என்றார்கள். ஈச்சங்காடு, குடிகாடு பக்கத்துப் பெண்கள் ராத்திரியில் மூச்சடைக்கிறது, கண் எரிகிறது என்றால், நாற்றம் ஆதாரமாகாது என்பதே பதில். 2004 வாக்கில் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து, வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். என்ன நாற்றம், எந்த நேரம், எந்தத் திசை என்று எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசின் காதில் விழத் தொடங்கியது. மூக்கால் உணரக்கூடிய விஷத்துக்கே இந்தப் பாடு என்றால், மணமும் நிறமும் இல்லாத கதிர்வீச்சை எந்த வாளியில் பிடிப்பது? அளக்கும் கருவியும் அவர்களிடம், எண்ணும் அவர்களிடம், அதைச் சொல்வதா வேண்டாமா என்ற முடிவும் அவர்களிடம்.

அந்த எண்ணே யாருடைய உடம்பை வைத்துப் போடப்பட்டது தெரியுமா? 1970களில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு ‘மாதிரி மனிதன்’ என்று ஒருவனை வரையறுத்தது. இருபதிலிருந்து முப்பது வயது, 70 கிலோ எடை, 170 சென்டிமீட்டர் உயரம், வெள்ளையன், மேற்கு ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ வாழ்கிறவன். நெடுங்காலம் கதிர்வீச்சுக் கணக்குகள் இவனைச் சுற்றியே எழுதப்பட்டன. நாற்பத்தைந்து கிலோவில் ரத்தசோகையோடு, வயிற்றில் பிள்ளையோடு, உப்பனாற்றில் மீன் பொறுக்கும் பெண் அந்தக் கணக்கில் எங்கே? 2006இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, ஒரே அளவு கதிர்வீச்சு பட்டால் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம், சின்ன வயதில் பட்ட பெண்குழந்தைக்கு மிக அதிகம் என்று காட்டியது.

பெண்களிடம் கேட்டால் உண்மை கிடைக்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. இங்கிலாந்து மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1950களில், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களிடம் போய்க் கேட்டார். கருவுற்றபோது எக்ஸ்ரே எடுத்தவர்களின் குழந்தைகள் அதிகமாக இறந்தது அதில் தெரிந்தது. தாய்மாரின் நினைவை நம்பலாமா என்று இருபது ஆண்டுகள் அதை ஒதுக்கினார்கள். பிறகு உலகமே ஏற்றுக்கொண்டது. இன்று கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே அறை வாசலில் எச்சரிக்கைப் பலகை தொங்குகிறதே, அது அந்தத் தாய்மார் சொன்ன பதில்களிலிருந்து வந்தது.

இன்னொன்று, சொற்கள். பெற்றெடுப்பதைக் குறிக்கும் ‘ஈனுதல்’ என்ற சொல்லை எடுத்து உலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உலை மையத்தைச் சுற்றிய யுரேனியத்துக்குப் போர்வை என்று பெயர். 1974இல் பொக்ரானில் வெடித்த குண்டை, சிரிக்கும் புத்தர் என்றார்கள். மோஞ்சுவும் ஒரு போதிசத்துவரின் பெயர்தான். அணு ஆயுத நிபுணர்களோடு தங்கிப் பழகிய கேரல் கோன், பேரழிவைப் பற்றிப் பேச அவர்கள் வீட்டுச் சொற்களையும் பிறப்பின் சொற்களையும் எவ்வளவு இயல்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 1987இல் எழுதினார். பெண்ணியம் படிக்கும் மாணவிகள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். போர்வை என்று சொல்லப்படுவதில் விளைவது ஆயுதத்துக்குத் தோதான புளூட்டோனியம். 1974 குண்டுக்கான புளூட்டோனியமும் எரிந்த கோலைப் பிரித்துத்தான் கிடைத்தது. 2006இல் இராணுவ உலை, சிவில் உலை என்று இந்தியா பட்டியல் பிரித்தபோது, கல்பாக்கம் ஈனுலையைச் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே வைத்துக்கொண்டது. வெறும் மின்சாரத்துக்கு என்றால் அந்தக் கதவை ஏன் சாத்த வேண்டும்?

அவ்வளவு மதிப்புள்ள பொருள் என்றால் அதை வைத்துக்கொள்ள ஊர்கள் போட்டிபோட வேண்டுமே. நடந்ததைப் பாருங்கள். கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் ரஷ்யாவுக்கே திரும்பிப் போகும் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு இங்கேயே இருக்கும் என்றார்கள். 2012 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கில் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்கள் பெயர் அடிபட்டது. பொன் எடுத்த குழியில் அணுக்கழிவா என்று கோலார் கொதித்தது. உடனே அப்படி ஒரு திட்டமே இல்லை என்று பின்வாங்கினார்கள். 2013 மே 6 தீர்ப்பில், உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு மையத்தை ஐந்து ஆண்டுக்குள் அமைக்கச் சொன்னது நீதிமன்றம். ஐந்து ஆண்டில் முடியவில்லை, கெடு நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலையில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்பு எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. இடிந்தகரையில் மாதா கோயில் முன் பீடி சுற்றியபடியே தொடர் உண்ணாவிரதம் இருந்த பெண்கள் கேட்டதும் இதைத்தான்: இந்தக் குப்பையை எங்கே வைப்பீர்கள்? 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் அவர்களுக்குக் கிடைத்தது கண்ணீர்ப்புகை. ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு.

நம் நாட்டில் கழிவு என்ற சொல்லுக்குச் சாதி உண்டு. அதைப் படைப்பவர் ஒருவர், தொடுபவர் வேறொருவர். மலக்குழிக்குள் இன்றும் யார் இறங்குகிறார்கள், அவர்கள் செத்தால் எந்த வீட்டுப் பெண் விதவையாகிறாள் என்பது நமக்குத் தெரியும். அணுக்கழிவு மட்டும் இந்த விதிக்குத் தப்பிவிடுமா? யுரேனியம் தோண்டுவது ஜார்கண்டின் ஜாதுகோடாவில், சந்தால், ஹோ ஆதிவாசிகளின் மண்ணில். அங்கே கருக்கலைவையும் குறையோடு பிறந்த பிள்ளைகளையும் பற்றிப் பெண்கள் பேசியதை 1999இலேயே ஓர் ஆவணப்படம் பதிவுசெய்தது. கடைசியில் புதைக்கப்போகும் குழியும் ஒரு நகரத்தின் நடுவில் தோண்டப்படாது.

‘அப்படியானால் நிலக்கரியை எரிக்கச் சொல்கிறீர்களா, பருவநிலை மாற்றத்துக்கு என்ன பதில்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த மாவட்டம் இது. 2015 மழையில் ஊரே மூழ்கியது. நெய்வேலிப் புகையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவசரம் என்று சொல்லிக்கொண்டே, இருபது ஆண்டில் ஒரு யூனிட் தராத வழியைக் காட்டுவது என்ன நியாயம்? கல்பாக்கத்தில் அந்த 500 மெகாவாட்டைக் கட்டிக்கொண்டிருந்த காலத்துக்குள் இந்தியா 1,00,000 மெகாவாட் சூரிய மின் திறனை நிறுவிவிட்டது. தமிழ்நாட்டின் காற்றாலைகள் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. அவற்றிலும் நிலப்பறிப்பு உண்டு, அதையும் எதிர்க்க வேண்டும். ஆனால் ஒரு சூரியத் தகட்டைக் காவல்காக்க 24,000 ஆண்டுக்கு ஆள் தேவையில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 சட்டமும் 2010 இழப்பீட்டுச் சட்டமும் போயின. தனியார் முதலாளிகளுக்குக் கதவு திறந்தது. குறையுள்ள கருவியை விற்றவரிடம் இழப்பீடு கேட்க 2010 சட்டம் தந்திருந்த வழியும் அடைபட்டது. இந்தச் சட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சாந்தி. நம் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கும் பெயர். லாபத்தைப் பிரித்துக்கொள்ளும்போது எந்தச் சாந்தியையும் கூப்பிட மாட்டார்கள். விபத்து நடந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், படுத்தவனைப் பத்து வருஷம் கவனிப்பதும், இழப்பீட்டு அலுவலக வாசலில் நிற்பதும் அவள்தான்.

ஆகவே என் மாணவிகளுக்கு நான் சொல்வது இது. அடுத்தமுறை யாராவது மேடையேறி, கழிவே எரிபொருள் என்றால் கைதட்டுவதற்கு முன் எழுந்து நில்லுங்கள். பிரித்தபின் மிஞ்சும் திரவம் எத்தனை லிட்டர், இப்போது எந்தத் தொட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர் நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா என்று கேளுங்கள். சுற்றுக் கிராமங்களில் கருக்கலைவுக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் பதிவேடு உண்டா, அதை வெளியிடுவீர்களா என்று கேளுங்கள். பாதுகாப்பான அளவு என்று நீங்கள் சொல்வது யார் உடம்புக்கு என்று கேளுங்கள். இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வரும்வரை புதிய உலை எதுவும் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. அதைச் சொல்ல இயற்பியல் பட்டம் தேவையில்லை. பட்டம் இருக்கிறவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் வெட்கம்.